சிந்தாமணிக்கு ஒண்ணுக்கு வருது

விளக்குத்தூண் பக்கம் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன்.
படுக்கவைத்தால் கண்மூடும்.
வாயில், பால்புட்டி செருக, ஒரு துளை.
கீழே ஒன்றும் இல்லை, வழவழவென்று அடைத்திருந்தது.
என் பஞ்சர் கடையிலேயே ஸ்போக்ஸ் கம்பியைக் காய்ச்சி
நானே ஒரு துளை போட்டேன்.
டியூப் மாற்ற வந்தவர் எட்டிப் பார்த்து
"என்னண்ணே, பொம்மைக்கு ஆபரேசனா?" என்றார்.
எங்கிருந்து தொடங்கிச் சொல்ல.

"பொம்மைய வச்சுப் பழக்குங்க" என்று
சொல்லிவிட்டு நைட் டூட்டிக்குப் போனவள் சகாயம்.
பெரியாஸ்பத்திரியில் மூன்றாவது மாடி.
கட்டிலோரப் பைகளில் சொட்டுவதை
மணிக்கு மணி மில்லியில் எழுதுகிற வேலை.
இங்கே ஏது அளவு?
பாய், தலையணை, என் மடி, ஒருமுறை
மளிகைக் கணக்கு நோட்டு.
வைகையில் மணல் பறக்கிற மாசத்தில்
ஞானஒளிவுபுரத்தில்
எங்கள் வீட்டுக்குள் மட்டும் தினமும் வெள்ளம்.

பேர் வைக்கச் சொன்னேன்.
ஜெனோவா யோசித்தாள், யோசித்தபடியே விளையாடப் போய்விட்டாள்.
நானே வைத்தேன்: சிந்தாமணி.
சிந்தாதே என்பது பேரிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் புகட்டி
வாத்து மூஞ்சிச் சட்டியில் உட்காரவைத்தோம்.
சொய்ய்ய்.
ஒரு சொட்டு வெளியே இல்லை.
நான் கைதட்டினேன். அவள் எனக்கு மேலே தட்டினாள்.
பரிசுக் கடலைமிட்டாயைப் பொம்மையின் வாயில் தேய்த்தாள்.
தேய்த்துக்கொண்டே
நின்ற இடத்தில்
தானும் விட்டாள்.

ஒன்பது நாள் இப்படி.
பொம்மை மட்டும் நூற்றுக்கு நூறு.

பத்தாம் நாள் மோட்டார் ரிப்பேர். துவைத்தது காயவில்லை, காய்ந்தது மிச்சமில்லை.
அன்று ராத்திரி நான் கத்தவில்லை
என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கதவுக்குப் பின்னால் ஒரு குரல்:
"எத்தன தடவ சொல்றது? வெக்கமா இல்ல?
மூஞ்சியப் பாரு."
சுவரோரம் சாத்தி நிறுத்தியிருந்தாள் சிந்தாமணியை.
காலடியில் சின்னக் குட்டை.
குரலுக்கு வயசு இரண்டரை.
வார்த்தைக்கு முப்பத்திநாலு.
கம்பி காய்ச்சிய கையை
எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.
"ஏன் சட்டியில போகலயாம்? கேட்டுச் சொல்லு."
பொம்மையின் வாயில் காதை வைத்தாள்.
ரொம்ப நேரம் கேட்டாள்.
"பயமாம்."
எதுக்காம்?
"உள்ள இருக்கவ எல்லாம் வெளிய போயிருவாளாம்."

சிரிப்பு வரவில்லை எனக்கு.
ஒரு சங்கு தண்ணீர் புகட்டினேன். போனது.
மறுபடி புகட்டினேன். மறுபடி போனது.
"பாரு, ரொம்பிக்கிட்டே இருக்கா."
"தீராதா?"
தீராது என்றேன்.
மூன்றாவது மாடியில் இருப்பவள் கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பாளோ.

இரண்டு ராத்திரி கழித்து, மணி ரெண்டேகால்,
யாரோ என் மீசையைப் பிடித்து இழுத்தார்கள்.
"சிந்தாமணிக்கு ஒண்ணுக்கு வருது."
ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாய்த் தொங்கவிட்டு நின்றாள்.
சட்டியை எடுத்து வைத்தேன்.
பொம்மையை எதிரே உட்காரவைத்து
"பயப்புடாத, நா இருக்கேன்ல" என்று
தான் உட்கார்ந்தாள்.
"அப்பா அங்கிட்டுப் பாரு."
அங்கிட்டுப் பார்த்தேன். காலண்டர்.
அரசரடிப் பக்கம் ஒரு லாரி கியர் மாற்றியது.
அப்புறம் ஒன்றும் இல்லை.
அப்புறம்
மெல்ல, நூல் மாதிரி, பிறகு தைரியமாய்,
அந்தச் சத்தம்.

சகாயத்துக்குப் போன் போட்டேன்.
வார்டில் குரலை அடக்கி "என்னங்க, என்ன?" என்று பதறினாள்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எவ்வளவு இருக்கும்?" என்றாள், பழக்கதோஷம்.
சட்டியைச் சாய்த்துப் பார்த்து
அரை டம்ளர் என்றேன்.
"நூறு மில்லி" என்றாள். "எழுதிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், காணிக்கைப் பை வரும் நேரம்,
பெஞ்சு நனைந்தது.
"சிந்தாமணி" என்று
பக்கத்தில் கையைக் காட்டினாள் ஜெனோவா.
அன்று நாங்கள்
அதைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.